வாசற்படியின் வரலாறு

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. குடியிருக்கும் மனை ஒன்று, விடுதலை மற்றொன்று. ஒரே சொல்லில் அடங்கிய இவ்விரண்டும், நடக்க இயலாதவர், பார்வை இழந்தவர், மனம் நலிந்தவர் ஆகியோர்க்கு மட்டும் நம் நாட்டில் நெடுங்காலம் பிரிந்தே நின்றன. தலைக்குமேல் கூரை வேண்டுமெனின் ஊரைவிட்டு விலகி ஏதேனும் ஓர் இல்லத்தில் அடைபட வேண்டும். ஊருக்குள்ளே உலவ வேண்டுமெனின் கூரையை மறந்துவிட வேண்டும். இந்நிலை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு சிறிது சிறிதாக மாறிற்று, இன்னும் எவ்விடத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்பதை இங்கே காண்போம்.

பழைய நூல்கள் இப்பொருளில் வாய்மூடி இருக்கவில்லை. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் மதுரை மாநகரில் வீடுதோறும் சென்று பிச்சையேற்றுக் கண்ணில்லாதவர், செவி கேளாதவர், கால் முடம்பட்டவர், பேணுவார் இல்லாதவர் ஆகியோரை அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, அந்த அம்பலத்திலேயே திருவோட்டைத் தலையணையாக வைத்து உறங்கினான் என்று படிக்கிறோம். வடமொழி அர்த்தசாத்திரம் சிறுவர், முதியோர், இடருற்றோர், ஆதரவற்றோர் ஆகியோரைக் காப்பது அரசன் கடன் என்கிறது. ஒருவருடைய உடற்குறையை உள்ளவாறே சொல்லி இழித்தால் 3 பணம், இல்லாத குறையை இருப்பதாகச் சொன்னால் 6 பணம், பார்வையற்றவரின் கண்ணழகைப் புகழ்வதுபோல் எள்ளினால் 12 பணம் தண்டம் என்றும் அது விதிக்கிறது. நேரான வசையைக் காட்டிலும் போலிப் புகழ்ச்சிக்குத் தண்டம் நான்கு மடங்கு! ஊனமுற்றோர் என்னும் சொல்லை விடுத்து, மாற்றுத்திறனாளி என்னும் சொல்லைத் தமிழ்நாட்டின் ஆட்சித்துறை 2010 அளவில் ஏற்றுக்கொண்டது. பெயர் மாறியது நன்றே. பெயரோடு வாசற்படியும் மாறியிருக்குமாயின் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

அந்நூல்கள் சோறு தருகின்றன, காவல் தருகின்றன, ஆனால் வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. வீடு என்பது குடும்பத்தின் பொறுப்பு என்று அக்காலம் கருதியதே இதற்குக் காரணம். குடும்பம் கைவிட்டால் சத்திரமும் கோயில் வாயிலுமே கதி. கூட்டுக்குடும்பம் எல்லாரையும் தாங்கிற்று என்று நாம் பெருமையாகப் பேசுவதுண்டு. தாங்கியதும் உண்மை, பின்கட்டு அறையில் ஒருவரை ஆண்டுக்கணக்கில் வைத்து, விருந்தினர் கண்ணில் படாமல் மறைத்ததும் உண்மையே.

அரசும் சமயத் தொண்டரும் வீடு கட்டித் தர முற்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அவர்கள் கட்டியது முதலில் தொழுநோயாளர்க்கு. அம்பாலாவில் ஆசிரியராக இருந்த வெல்லஸ்லி பெய்லி என்னும் ஐரிஷ்காரர் அங்கிருந்த நோயாளரின் நிலை கண்டு மனம் உருகி, 1874-இல் அவர்கட்கெனத் தொண்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வங்காளத்துப் புருலியா முதலிய இடங்களில் பெரிய இல்லங்கள் எழுந்தன. அவற்றில் அன்பு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த அன்புக்குப் பின்னே சட்டம் ஒன்று தடியோடு வந்து நின்றது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பொது இடத்தில் இரந்து நிற்கும் ஏழை நோயாளரைப் பிடியாணை இன்றியே காவலர் பிடிக்கலாம் என்றது. நீதிபதியின் ஆணையால் அவர் இல்லத்தில் அடைக்கப்படுவார். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளில், நோயாளர் பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதையும், உணவுப் பண்டம் செய்து விற்பதையும், வாடகை வண்டியில் ஏறுவதையும் அரசு தடுக்கலாம். இரயில் வண்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. வண்டியேறி ஊரைவிட்டுப் போவதை மட்டும் தடுக்க வேண்டாம் என்று எண்ணினர் போலும்.

இச்சட்டத்தில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய சொல் 'ஏழை' என்பது. செல்வர் வீட்டு நோயாளர்க்குத் தம் வீடே போதும். அவரைத் தேடிக் காவலர் வாரார். வீடில்லாமையே குற்றமாயிற்று, அதற்குத் தண்டனையாக வீடு ஒன்று கொடுக்கப்பட்டது. நோயைத் தீர்க்கும் மருந்துகள் வந்து பல்லாண்டு ஆன பின்னரும் ஏட்டில் இருந்த இச்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. ஏறக்குறைய 118 ஆண்டுகள்! அதன் நிழல் இன்னும் நீங்கவில்லை. வட இந்திய நகரங்களின் ஓரங்களில் தொழுநோயிலிருந்து குணமானவர்கள் தாமே கூடி அமைத்துக்கொண்ட குடியிருப்புகள் பல உள்ளன. தென்னாட்டிலிருந்து சொந்த ஊரும் உறவும் துறந்து போய் அங்கே குடியேறியவர்களும் உண்டு. வேலை தேடிப் புலம்பெயர்ந்தவர்களை நாம் அறிவோம். ஊர் ஏற்காமையால் புலம்பெயர்ந்த இவர்களும் வெளிமாநிலத் தமிழர் வரலாற்றில் ஒரு பகுதியே.

பார்வையற்றோர்க்கான பள்ளிகளும் ஏறத்தாழ அக்காலத்திலேயே தோன்றின. 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையார் தொடங்கிய பள்ளி பின்னர் டேராடூனுக்கு மாறியது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரின் பள்ளி 1890-இல் தோன்றியது. பள்ளியே அங்குக் குழந்தைகட்கு வீடாகவும் அமைந்தது. படித்து வெளிவந்த இளைஞர்க்கு வாழ இடம் எது என்னும் கேள்விக்கு மட்டும் அன்று விடை இல்லை.

அக்கேள்வியை மருத்துவத் துறையில் நேராக எதிர்கொண்டது வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி வந்தார். கை திருந்தியவர் ஊருக்குத் திரும்பி எப்படி வாழ்வார் என்று அவருக்குக் கவலை உண்டாயிற்று. 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே மண் குடிசைகளால் ஆன சிற்றூர் போன்ற ஓரிடம் அமைக்கப்பட்டது. புதுவாழ்வு நிலையம் என்னும் பொருள்படும் பெயருடைய அவ்விடத்தில் நோயாளர் தங்கித் தச்சு முதலிய கைத்தொழில் பயின்றனர். மருத்துவமனை போன்ற கட்டிடம் எழுப்பாமல் குடிசை அமைத்ததில் ஆழ்ந்த கருத்து இருந்தது. நாளை திரும்பப் போகும் வீடு எத்தகையதோ அத்தகைய வீட்டிலேயே இன்று பழக வேண்டும் என்பதே அது.

பிராண்டுடன் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஊர்தி விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்யலாம் என்று அவர் காட்டினார். ஆத்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி வந்து வேலூரில் அத்துறையை வளர்த்தார். நோயாளர் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், தாமே குளிப்பதும், உடுத்துவதும் ஆகிய அன்றாட வீட்டுச் செயல்களைப் பயிற்றுவிப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பது இத்துறையின் கொள்கை.

இரண்டாண்டு கழித்து, 1968-இல், செய்ப்பூரில் வேறொரு வகையில் இதே சிக்கலுக்கு வழி பிறந்தது. மேனாட்டு முறையில் செய்த செயற்கைக் கால் அக்காலத்தில் நம் நாட்டிலும் கிடைத்தது. ஆனால் பெற்றவர்களுள் பலர் அதை மூலையில் வைத்துவிட்டுப் பழையபடி ஊன்றுகோலையே நாடினர். காரணம் எளியது. மேனாட்டுக் காலுக்கு மேலே சோடு அணிய வேண்டும். நம் வீட்டிலோ சோட்டை வாசலில் கழற்ற வேண்டும். அவர்கள் நாற்காலியில் அமர்பவர்கள். நாம் தரையில் சம்மணமிட்டு உண்பவர்கள், குந்தி இருந்து கழிப்பவர்கள். உழவர் நீர் தேங்கிய வயலில் வெறுங்காலோடு இறங்க வேண்டும். நாற்காலிக்கும் சோட்டுக்குமாகச் செய்த கால், நம் வீட்டுக்குள் நுழைந்ததும் பயனற்றதாயிற்று.

சிற்பக்கலை வல்ல கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் எலும்பியல் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து இரப்பரால் பாதம் ஒன்று சமைத்தனர். விரல் பிளவோடு மனிதப் பாதம்போலவே தோன்றிய அது வளைந்து கொடுத்தது. வெறுங்காலாக நடக்க இடம் தந்தது. குந்தவும் சம்மணமிடவும் உதவியது. செய்ப்பூர்க் கால் என்று உலகம் அதை அழைக்கிறது. சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. கைவினைஞரின் பெயர் மருத்துவரின் பெயரளவுக்குப் பரவவில்லை; இது நம் நாட்டில் புதிய செய்தி அன்று.

செய்ப்பூரின் அறிவு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது மனிதனை வீட்டுக்கு ஏற்றவனாக்கிய அறிவு. முதுகுத்தண்டு முறிந்தவர்க்கோ கால் பொருத்தியும் பயன் இல்லை. அவர்க்கு வீடுதான் மாற வேண்டும். இதை முதலில் உணர்ந்தவற்றுள் படைத்துறையும் ஒன்று. போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்க்கென்று புனேயை அடுத்த கிர்க்கியில் 1974-இல் தனி மறுவாழ்வு இல்லம் ஏற்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் ஆய்க்குடியில் எழுந்த அமர் சேவா சங்கத்தின் வரலாறும் படைத்துறையோடு தொடர்புடையது. கடற்படைத் தேர்வின்போது 1975-இல் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல், அதாவது உலக ஊனமுற்றோர் ஆண்டில், தம் சிற்றூரிலேயே அதை நிறுவினார். தமக்கு மருத்துவம் செய்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்கு இட்டார். பெருநகரத்தைத் தேடிப் போகாமல் சிற்றூரிலேயே அதை அமைத்தது கருதத்தக்கது.

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் இயற்றிய ஊனமுற்றோர் சட்டம் 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடு கட்டச் சலுகை விலையில் முன்னுரிமையோடு நிலம் ஒதுக்கும் திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்று அதன் 43-ஆம் பிரிவு கூறிற்று. பொதுக் கட்டிடங்களில் சாய்தளம், சாலையில் ஒலிக்குறி, வண்டிகளில் ஏறும் வசதி ஆகியவற்றையும் அடுத்தடுத்த பிரிவுகள் கூறின. ஆனால் அப்பிரிவுகளின் தலைப்பிலேயே ஒரு சொற்றொடர் அமர்ந்திருந்தது: பொருளாதார வலிமையின் எல்லைக்குள் என்பது அதன் கருத்து. கொடுக்கிறேன் என்று கூறிய வாயே, இருந்தால் என்றும் சேர்த்துக் கூறிற்று. அந்த 'இருந்தால்' என்னும் சொல்லுக்குள் இருபதாண்டுகள் கழிந்தன.

பணம்தான் தடையா என்று ஐயுற ஒரு நிகழ்ச்சி உண்டு. 2001 சனவரியில் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தார். சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர் தில்லியின் பழஞ்சின்னங்களைக் காண விரும்பினார். குதுப்மினார், செங்கோட்டை, உமாயூன் கல்லறை, ஜந்தர் மந்தர் ஆகிய நான்கிடத்தும் விரைந்து மரத்தாலான சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. அதுவரை முடியாது என்றிருந்தது ஒரு விருந்தினர்க்காக முடிந்தது. அதே தில்லியில் பல்லாண்டு குடியிருந்த சக்கர நாற்காலி மக்கள் அச்சின்னங்களின் வாயிலோடு திரும்பியவர்கள். அவர்கள் அடைந்த மகிழ்ச்சியில் கசப்பும் கலந்திருந்தது என்றால் வியப்பில்லை.

அதே 2001-இல், ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரத்துக் கடற்கரையில் ஏர்வாடியில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. தர்காவை அடுத்த தனியார் மனநல இல்லம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் மாண்டன. அங்கே கூரை இருந்தது. வீட்டின் மற்றப் பொருள்தான் இல்லை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்து, இத்தகைய இல்லங்களைப் பற்றி எல்லா மாநிலங்களையும் வினவியது.

மனம் நலிந்து தெருவில் அலையும் பெண்களுக்காகச் சென்னையில் 1993 முதல் தொண்டு செய்து வந்த பான்யன் அமைப்பு, 2015 அளவில் புதுவழி ஒன்றைக் கண்டது. பெரிய இல்லத்தில் பலரை வைப்பதற்கு மாறாக, ஊருக்குள்ளே சாதாரணமான வீடுகளை வாடகைக்குப் பிடித்து, நால்வர் ஐவராகச் சேர்ந்து குடியிருக்கச் செய்வது அவ்வழி. அவர்களே சமைக்கிறார்கள்; கடைக்குப் போகிறார்கள்; அண்டை வீட்டாரோடு பேசுகிறார்கள். இவ்வாறு மீண்டவர்களுள் மொழி தெரியாத வேற்று மாநிலத்திலிருந்து வழிதவறி வந்தவர்களும் உண்டு. அயல்மொழி நாட்டில் முகவரி இன்றி நிற்பது எத்தகையது என்பதை வெளிமாநிலத் தமிழர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

2007-இல் இந்தியா ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதற்கேற்ப 2016-இல் புதிய சட்டம் பிறந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் உள்ளது. இதன் 5-ஆம் பிரிவு, சமுதாயத்தில் வாழும் உரிமை அவர்க்கு உண்டு என்றும், குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழ வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தல் ஆகாது என்றும் கூறுகிறது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை இதன் அருகில் வைத்துப் படித்தால் நூற்றாண்டின் நீளம் விளங்கும். வீட்டுவசதித் திட்டங்களில் நூற்றுக்கு 5 பங்கு ஒதுக்க வேண்டும் என்கிறது 37-ஆம் பிரிவு. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. அரசோ, தனியார் நிறுவனமோ, கூட்டுறவுச் சங்கமோ எழுப்பும் கட்டிடத்தின் வரைபடம் விதிகளுக்கு ஒவ்வாவிடில் அனுமதி இல்லை. கட்டி முடித்த பின்னும் ஒவ்வாவிடில் நிறைவுச் சான்றிதழ் இல்லை என்கிறது 44-ஆம் பிரிவு. ஒருவர் தமக்கெனக் கட்டும் தனி வீட்டை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை.

விதி என்பது யாது? பெரும்பாலும் அளவுகளே. சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீள வேண்டும். அரையடி உயரமுள்ள ஒரே படிக்குக்கூட ஆறடி நீளம் தேவை. மூன்று படி இருந்தால் பதினெட்டடி. நெருக்கமான நகரத்து வாசலில் இவ்விடத்தைப் பின்னர்த் தேடுவது அரிது. வரைபடத்திலேயே விட்டிருந்தால் எளிது. கதவு 90 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. சட்டத்தைக் கழித்தால் அதிலும் குறைவு. சக்கர நாற்காலி கூடத்தைக் கடந்து, படுக்கையறையைக் கடந்து, குளியலறை வாயிலில் நின்றுவிடும். உள்ளே நுழைந்தாலும் திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். நீர் வெளியேறாதிருக்க எழுப்பிய சிறு வரம்பும் குறுக்கே நிற்கும். ஒரு குடும்பத்தில் முதியவர் ஒருவர் தம்மானத்தோடு வாழ்வதும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வதும் இந்தச் சில அங்குலங்களைப் பொறுத்தவை.

இருக்கும் பொதுக் கட்டிடங்களை விதி வந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் திருத்த வேண்டும் என்று சட்டம் கூறிற்று. விதி 2017 சூனில் வந்தது. கெடு 2022 சூனில் முடிந்தது. கட்டிடங்கள் பல அப்படியே நின்றன. பார்வையற்றவராகிய இராஜீவ் ரத்தூரி 2005-இலேயே உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2017 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. அதன் நிறைவேற்றத்தை ஆராய்ந்த பின் 2024 நவம்பர் 8-ஆம் நாள் மற்றொரு தீர்ப்பு வந்தது. சட்டம் கட்டாயம் என்று கூறியதை அரசின் விதி வெறும் பரிந்துரைகளாகத் தளர்த்திவிட்டது. ஆதலின் அவ்விதி செல்லாது என்று நீதிமன்றம் கூறி, கட்டாயமான விதிகளை மூன்று திங்களுக்குள் வகுக்குமாறு ஆணையிட்டது. 1995-இல் 'பொருளாதார வலிமையின் எல்லைக்குள்' என்று ஒளிந்திருந்தது, 2017-இல் 'பரிந்துரை' என்னும் பெயரில் மீண்டும் வந்திருந்தது. அதை வெளிக்கொணரப் பார்வையற்ற ஒருவர் வேண்டியிருந்தது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் வேற்று மாநிலத்தில் வாழ்வோர்க்கு மேலும் ஒரு படி உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்படும் ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். 58-ஆம் பிரிவு அதைத் தெளிவாகக் கூறுகிறது. இன்று நாடெங்கும் ஒரே எண்ணுள்ள தனித்துவ அடையாள அட்டையும் வழங்கப்படுகிறது. ஆனால் வீடும் உதவித்தொகையும் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் உள்ளன. மாநிலங்களோ குடியிருப்புச் சான்று கேட்கின்றன. மும்பையில் முப்பதாண்டு வாழ்ந்தும் குடும்ப அட்டை ஊரிலேயே இருக்குமாயின், ஊரில் ஆள் இல்லை என்பர். மும்பையில் தாள் இல்லை என்பர். குடும்பத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருப்பின், வாழும் மாநிலத்தின் முகவரிக்கு அட்டைகளை மாற்றிக்கொள்வதை நாளை என்று தள்ளாதிருத்தல் நலம்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது கீழ்த்தளம் கிடைக்குமா என்று கேட்பது நம்மவர் வழக்கம்தான். சொந்தமாக அடுக்குமாடி வீடு வாங்குவோர் விலை, நீர், வாகனம் நிறுத்துமிடம் ஆகியவற்றை வினவும்போதே, வாசலிலிருந்து மின்தூக்கி வரை படி ஏதும் குறுக்கிடுகிறதா என்பதையும், நிறைவுச் சான்றிதழ் கொடுக்கப்பட்டுவிட்டதா என்பதையும் கேட்கலாம். அச்சான்றிதழ் கொடுக்கப்படுமுன் கேட்பவர்க்கு 44-ஆம் பிரிவு துணை நிற்கும். கொடுத்த பின் வாசற்படியை இடிக்கக் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் வாக்குக் கேட்டு நிற்க நேரிடும்.